இரண்டு ஓம்

நயினாதீவில் படிப்பித்த காலத்தில் வெள்ளிக்கிழமை வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பள்ளி விட்டதும் வள்ளத்தில் குறிகாட்டுவான் துறைக்கு வந்து, பஸ் பிடித்து, வேலணைக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த வெள்ளி பஸ் வரவில்லை. எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடும் ஹயர் கார் ஒன்று, பழைய ஒஸ்ரின் ஏ போர்ட்டி, யாரையோ இறக்கிவிட்டு வெறுமையாக நின்றது. அதை ஓட்டிய அண்ணையை எனக்கு நன்றாகத் தெரியும். கார் அவருடையது அல்ல, ஒரு கடை முதலாளியுடையது. அண்ணையிடம் இருந்தது சாவி மட்டும்தான். அந்தத் திறப்பில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

நான் பின்சீற்றில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டு வந்தேன். ஒருத்தியாவது ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதவில்லை என்ற எரிச்சல் வேறு. வேலணைக்குள் வந்த பிறகு ஒரு திருப்பத்தில் கார் சடாரென்று நின்றது. என் நெற்றி முன்சீற்றில் போய் அடித்தது. இறங்கிப் பார்த்தால், ஒடுங்கிய ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் வந்து ஏறிய மீன்காரர் அடிபட்டு றோட்டில் கிடந்தார். அவருடைய கால் பார்க்க ஏலாத மாதிரி மடிந்திருந்தது. பெட்டி உடைந்து மீனெல்லாம் சிதறிக் கிடந்தது.

ஐந்து நிமிடத்தில் சனம் கூடிவிட்டது. ஒருவர் காரை ஓரமாகத் தள்ளச் சொன்னார். இன்னொருவர், ஊர் அதிகாரியான விதானையார் வந்து பார்க்கும்வரை தொடக்கூடாது என்றார். இரண்டு பேர் மீன்காரரைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்க, அவர் போட்ட சத்தத்தில் திரும்பவும் கீழே வைத்தார்கள். யாரோ என் கையில் ஒரு சோடாவைத் தந்தார்கள். அது எனக்கா அவருக்கா என்று விளங்காமல் நானே குடித்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் குடித்தேன்.

அப்போதுதான் அண்ணை என்னிடம் வந்தார்.

"ரீச்சர், நான் ஹோன் அடிச்சனான்தானே?"

"ஓம்," என்றேன்.

கீழே கிடந்த மீன்காரர் தலையைத் தூக்கினார்.

"பிள்ளை, இவர் ஹோன் அடிக்கேல்லைத்தானே?"

"ஓம்," என்றேன்.

எங்கள் ஊரில் ஓம் என்றால் சம்மதம் மட்டுமல்ல. காது கேட்கிறது, நீங்கள் சொல்லுங்கோ, நான் இங்கேதான் நிற்கிறேன் என்பதற்கும் ஓம்தான். கதை கேட்கும்போது நாலு சொல்லுக்கு ஒரு ஓம் போடாவிட்டால் மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். தலைக்குள் கிண்ணென்றிருந்த அந்த நேரத்தில் என் வாயில் வேறு சொல்லே வரவில்லை. உண்மையில் ஹோன் சத்தம் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. ஒற்றுப் பிழைக்குச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவளுக்கு என்ன கேட்கும்?

மீன்காரரை ஒரு ட்ரக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சண்டைக்குப் பயந்து பொலிஸ் வெளியில் வராத காலம் அது. விதானையார்தான் வந்து கொப்பி விரித்து எழுதினார். என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்க முதலே, நின்ற சனம் பதில் சொல்லிவிட்டது. ஹோன் அடிச்சது என்று ரீச்சர் சொன்னவ என்றது பாதிச் சனம், அடிக்கேல்லை என்று சொன்னவ என்றது மற்றப் பாதி. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் அதற்கும் ஓம் என்றேன்.

அடுத்த கிழமை ஊருக்கு வந்தபோது அந்தக் காரை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். காருக்குள் இருந்தவளே ஹோன் அடிக்கவில்லை என்று சொன்ன பிறகு இனி என்ன கதை என்று முதலாளி திறப்பை வாங்கிவிட்டாராம். எனக்கு அழுகை வந்தது. முதலாளியிடம் போய்ச் சொல்வோம் என்று நினைத்தேன். எதைச் சொல்வது? அடித்தார் என்றால் காலொடிந்து கிடக்கிறவருக்குத் துரோகம். அடிக்கவில்லை என்றால் அண்ணைக்குத் துரோகம். இரண்டில் எது பொய் என்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அண்ணை எங்கள் வாசல் படலையடிக்கு வந்தார். கோபித்துப் பேசத்தான் வருகிறார் என்று பயந்தேன். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ரீச்சர், நான் வேலை கேட்டு வரேல்லை. எனக்கே ஞாபகமில்லை, அதுதான் வந்தனான். கண்ணை மூடினால் அந்தாளின்ரை கால்தான் தெரியுது. நான் ஹோன் அடிச்சனானோ, இல்லையோ?"

அந்த ஓம் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது அண்ணை. நான் கவனிக்கேல்லை."



"தெரியாது எண்டதை அண்டைக்கே சொல்லியிருந்தால் போதும் ரீச்சர்," என்றார்.

பிறகு றோட்டில் ஏறி நடந்தார். அவர் நடந்து போய் நான் முதல்முதல் பார்த்தது அன்றைக்குத்தான்.