ஷூவைக் கழற்றிவிட்டுப் பார்த்த படம்

நான் பிழைக்க வந்திருக்கும் இந்த ஸ்காட்லாந்துச் சிற்றூரில் ஒரு பழைய தேவாலயத்தைத் தியேட்டர் ஆக்கியிருக்கிறார்கள். கூம்புக் கோபுரம் அப்படியே இருக்கிறது. பீடம் இருந்த இடத்தில் திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அறையில் சுவரைப் பார்த்து அலுத்துப்போய் அங்கே படம் பார்க்கப் போனேன். வாசற்படியைக் கண்டதும் கால் தானாக நின்றுவிட்டது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போனேன். சிவகாசிப் பக்கம் கோயிலானாலும் சர்ச்சானாலும், ஏன், பட்டாசுக் கம்பெனியானாலும் செருப்பு வெளியேதான். டிக்கெட் கிழிக்கும் மார்கரெட் அம்மாள் என் காலைப் பார்த்து, ஷூ நனைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, இது சாமி இருந்த இடம் என்றேன். அதெல்லாம் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்றார், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன வாடகைக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

படம் ஏதோ ஐரோப்பிய மொழி. கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளை வைத்துப் புரிந்துகொண்டேன். பக்தியுள்ள ஒரு பெண்ணை, கடவுளே இல்லை என்கிற ஒருவன் காதலிக்கிறான். இரண்டு மணி நேரம் சண்டை, கண்ணீர். கடைசியில் அவளுக்காக அவன் மண்டியிடுகிறான், அவள் அவனைக் கட்டிக்கொள்கிறாள், விளக்கு எரிகிறது. முன்வரிசையில் ஒரு ஜோடி கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. மண்டியிட்டால் தீர்ந்துபோகிற விஷயமா இது? சாமியே இல்லை என்பவனுக்கு மண்டியிடுவது சுலபம். சாமி உண்டு என்று நடுங்குகிறவன் என்ன செய்வான்?

அந்தக் கோபம் புரிய, நான் விரும்பிய எஸ்தரைப் பற்றி ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நான் விஸ்வநத்தத்துக்காரன், அப்பாவும் அம்மாவும் பட்டாசு சுற்றியவர்கள். செல்போன் புதிதாகக் கைக்கு வந்திருந்த அந்த வருடங்களில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். வெடி லேபிள் லோடு ஏற்றிக்கொண்டு ஆனைக்குட்டம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போவேன். அங்கே லேபிளை வாங்கி அடுக்குகிறவள் எஸ்தர், அச்சங்குளத்துப் பெண். அவள் அம்மா காலத்தில் குடும்பமே ஒரு ஜெபக்கூட்டச் சபைக்கு மாறியிருந்தது. நகை கிடையாது, பொட்டு கிடையாது, சினிமா அறவே கிடையாது. என்னிடம் மட்டும், படத்தில் அப்படி என்னதான் காட்டுகிறார்கள் என்று கேட்டுக் கதை தெரிந்துகொள்வாள். அது பாவக் கணக்கில் வராதாம். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

ஒரு தீபாவளி சீசனில் பக்கத்து அறையில் தீப்பிடித்து, ஓடிவந்தவளின் வலது கை வெந்துபோனது. விரல்கள் மடங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே நான் அம்மன் கோயிலுக்குப் போய், கை சரியானால் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச் சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். எனக்கு வேறு என்ன தெரியும்? அவள் அம்மாவோ சபையோடு சேர்ந்து உபவாசம் இருந்தாள். மூன்றாவது மாதம் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. எஸ்தர் டவுனில் ஒரு பைண்டிங் கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். சந்தோஷம் தாங்காமல் நேர்ந்ததைச் சொன்னேன், பாராட்டுவாள் என்று நம்பி. அவள் முகம் கறுத்துவிட்டது.

"என் கைய எதுக்கு அங்கன கொண்டுபோய் வச்சீக? நான் கேட்டனா?"

உன் கைக்காகத்தானே என்றேன்.

"ஞானஸ்நானம் எடுங்கன்னு நான் சொல்லல. அம்மாட்ட நம்ம கல்யாணத்தப் பேசிக்கிறேன். அந்தச் சட்டிய மட்டும் எடுக்காதீக. எடுத்தீகன்னா இந்தக் கை அம்மன் குடுத்ததுன்னு ஆயிரும். பெறவு நான் எந்த மூஞ்சிய வச்சு ஜெபம் பண்ணுவேன்?"

எனக்காக நேர்ந்திருந்தால் விட்டிருப்பேன். வருவது வரட்டும் என்று இருந்திருப்பேன். நேர்ந்தது அவள் கைக்கு. என் அம்மாவிடம் கேட்டதற்கு, "நேந்தத விட்டா அந்தப் புள்ள கைக்குத்தாம்லே கேடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எஸ்தர் வேண்டும் என்றால் சட்டியை விட வேண்டும். அவள் கை நன்றாக இருக்க வேண்டும் என்றால் எடுக்க வேண்டும். பல நாள் யோசித்தேன். கடைசியில் சட்டி எடுக்கக் காப்புக் கட்டிக்கொண்டேன்.

பங்குனி வெயிலில் மஞ்சள் வேட்டியும் கையில் தீச்சட்டியுமாக நடந்தேன். வேப்பிலையை மீறிச் சட்டி சுட்டதைவிடக் கீழே தார் சுட்டது. சட்டி எடுத்து வருகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவது எங்கள் வழக்கம். தெரு நெடுகப் பெண்கள் ஊற்றினார்கள். பைண்டிங் கடை வாசலில் எஸ்தர் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு நின்றாள். என் காலில் ஊற்றவில்லை, கும்பிடவும் இல்லை. நான் வருவதற்கு முன்பாகவே, எனக்கு முன்னால் கிடந்த ரோட்டில், அந்த வலது கையாலேயே குடத்தைச் சாய்த்து ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். வெறும் தண்ணீர். நாலு எட்டு குளிர்ந்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. அடுத்த வருடம் அவளுக்கு அந்தச் சபையிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. நான் லேபிள் அச்சடிக்கும் வேலைக்கே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

படம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஷூவைக் காணோம். மார்கரெட் அம்மாள் அதை எடுத்துப்போய் ஹீட்டர் பக்கத்தில் காய வைத்திருந்தார். நனையவே இல்லை என்று மறுபடி சொல்ல மனம் வரவில்லை. நன்றி சொல்லி வாங்கி மாட்டிக்கொண்டேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. ஆனாலும் இரண்டு படி இறங்கியதும் மறுபடி கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். இந்த ஊரில் ரோடு எப்போதும் நனைந்தேதான் கிடக்கிறது. எனக்காக யாரும் ஊற்றியதல்ல என்று தெரியும். தெரிந்துதான் நடந்தேன்.