பேக்கரியில் வைத்துப் போட்ட வாக்கு

யாருக்கு வாக்குப் போட்டோம் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. வாப்பாவுக்குக் கண்டிக்குப் பக்கத்தில் அலவத்துகொடையில் பலசரக்குக் கடை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரரும் கடைக்கு வருவார்கள். எல்லாருக்கும் குடிக்கப் பிளேன்டி கொடுத்து, எல்லாரிடமும் "உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். விரலில் மையோடு வீட்டுக்கு வருபவரிடம் உம்மாகூடக் கேட்கமாட்டார். தோற்றவனும் நாளைக்குச் சாமான் வாங்க வர வேண்டும், வென்றவனும் கல்லோடு வராமல் இருக்க வேண்டும். எங்கள் அரசியல் அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் முஸ்லிம் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படி வளர்ந்த நான் போன விடுமுறையில் கண்டி டவுனில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, இங்கிலாந்து இடைத்தேர்தலில் என் வாக்கு யாருக்கு என்று தொலைபேசியில் சொல்ல வேண்டி வந்தது.

நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கணவர் மௌத்தான பிறகு வேறு வழி தெரியவில்லை. விசா வந்தபோது, பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது என்ற சட்டமும் கூடவே வந்தது. மகளை என் கூடப்பிறந்த ராத்தாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். ஆனால் பாருங்கள், ஒருகாலத்தில் நம்மை ஆண்டவர்கள் என்ற உறவில், போய்ச் சேர்ந்த உடனே எனக்கு அங்கே வாக்குரிமை கிடைத்துவிட்டது. அவர்களுடைய பாராளுமன்றத்துக்கு நான் ஆள் அனுப்பலாம். என் வீட்டுக்கு என் பிள்ளையைக் கூப்பிட முடியாது.

பொதுத் தேர்தல் வந்தபோது, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் ஒழியட்டும் என்று மற்றப் பெரிய கட்சிக்குப் போட்டேன். அவர்கள் வென்று இன்றைக்கு ஆளுங்கட்சி. சட்டத்தை எடுத்தார்களா? இல்லை. அதற்கு மேல் இன்னொன்றையும் வைத்தார்கள். ஐந்து வருடம் வேலை செய்தால் நிரந்தர வதிவிடம், அதற்குப் பிறகு பிள்ளையைக் கூப்பிடலாம் என்றிருந்ததை இரண்டு மடங்குக்கும் மேலே இழுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். மகளுக்குப் பத்து வயது. அவர்கள் கதவைத் திறக்கும்போது அவள் பிள்ளை என்ற கணக்கிலேயே இருக்கமாட்டாள். செய்தியைக் கேட்ட இரவு நான் குசினியில் நின்றுகொண்டே அழுதேன். அழுது முடிந்ததும் அவர்களுக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

விடுமுறைக்கு டிக்கெட் போட்ட பிறகுதான் எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் அறிவித்தார்கள். ஊரில் இல்லாதவருக்குப் பதிலாக இன்னொருவர் போய் வாக்குப் போட அங்கே வழி உண்டு. என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்காவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து வெகுகாலமாகிறது. யாருக்குப் போடுவது என்று ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன். வந்த நாளிலிருந்து அதுதான் வேலை. ஆளுங்கட்சிக்குப் போட்டால், என் முகத்தில் அடித்தவர்களுக்கு நானே சபாஷ் சொன்ன மாதிரி. எங்களுக்காகப் பேசும் சின்னக் கட்சி ஒன்று இருக்கிறது, மனதுக்குப் பிடித்ததும் அதுதான், ஆனால் வெல்லாது. இங்கே என்றால் ஜனாதிபதித் தேர்தலில் ஒன்று, இரண்டு என்று விருப்பம் போடலாம். அங்கே ஒரே ஒருவருக்குத்தான் புள்ளடி போடலாம். அந்தப் புள்ளடியைச் சின்னக் கட்சிக்குப் போட்டு ஆளுங்கட்சி தோற்றால், மூன்றாவது கட்சி வந்துவிடும். எங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லியே வாக்குக் கேட்பவர்கள். நான் குளிப்பாட்டிவிடும் ஒரு கிழவி அவர்களுடைய ஆள். "உன்னைச் சொல்லவில்லை, நீ நல்லவள்" என்று என் கையைத் தட்டிக்கொடுப்பார்.

தேர்தல் நாள் வியாழக்கிழமை. மகளுக்கு அங்கிருந்து கொண்டுவந்த சப்பாத்துச் சின்னதாகிப் போயிருந்தது. நான் மனதில் வைத்திருந்த பாதம் போன வருடத்துப் பாதம். வேறு வாங்க அவளோடு டவுனுக்குப் போனேன். வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். அவள் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தேன். அங்கே காலை விடிந்து, அக்கா இரவு வேலை முடித்து வரும் நேரம் அது.

தொலைபேசி அடித்தது. "வேலை முடிஞ்சுது. வாக்குச்சாவடிக்குப் பக்கத்திலதான் நிக்கிறன். போட்டிட்டுப் போய்ப் படுக்கோணும். ஆருக்குப் போட, சொல்லுங்கோ" என்றார் அக்கா.

பக்கத்து மேசையில் இரண்டு பேர் தமிழ் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் யாருக்கும் என் தொகுதி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. அப்படியிருந்தும் எங்கள் வீட்டுப் பழக்கம் விடவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, தொலைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

என்ன என்று மகள் கேட்டாள். அவளுக்கு ஒரு கட்சியும் தெரியாது, யாரிடமும் போய்ச் சொல்லவும் மாட்டாள். குரலைத் தாழ்த்தி மூன்று கட்சியையும் சொன்னேன். உன்னைக் கூப்பிட விடாமல் இழுத்தடிப்பவர்கள், நல்லவர்கள் ஆனால் வெல்லாதவர்கள், எங்களைத் திருப்பி அனுப்பத் துடிப்பவர்கள்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அவங்க வந்தா உங்கள இங்க அனுப்பிருவாங்களா?"

"அப்பிடித்தான் செல்றாங்க."

"அப்ப அவங்களுக்கே போடுங்களே, உம்மா."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியாரிடம் விடை சொல்கிற முகத்தோடு சொன்னாள். அவளுடைய பள்ளிக்கூடச் சம்பளம், இந்தச் சப்பாத்து, அந்த ரோல்ஸ், எல்லாம் எங்கிருந்து வருகிறதென்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"லைனில நிக்கிறீங்களோ?" என்று நெஞ்சுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

ஆளுங்கட்சிக்கே போடச் சொன்னேன். கோபத்தால் அல்ல, நம்பிக்கையாலும் அல்ல, பயத்தால் போட்ட வாக்கு அது. அக்கா ஓம் என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அலவத்துகொடை வரும்வரை யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலை முடிவு வந்தது. ஆளுங்கட்சி தோற்றிருந்தது. வென்றது அந்த மூன்றாவது கட்சி. ஒரு இடைத்தேர்தலால் யாரையும் நாளைக்கே விமானத்தில் ஏற்றிவிட முடியாது என்று எனக்குத் தெரியும். என்றாலும் தொலைபேசியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மகள் கீழே உட்கார்ந்து புதுச் சப்பாத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரு உம்மா வென்ற?"

சொன்னேன். அவள் சட்டென்று தலையைக் குனிந்து, கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டத் தொடங்கினாள். நான் பார்க்கக் கூடாதென்று முகத்தை மறைத்துக்கொண்டுதான் சிரித்தாள்.