பக்கத்து சீட்டின் கதவு

இத்தாலிக்காரன் செய்த வண்டியை விற்கிறேன் என்று சொன்னால், பழைய தங்கச் சுரங்க ஊரான எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் என்னோடு பெங்களூர் ரயில் ஏறுகிறவர்கள் சிரிப்பார்கள். "இன்னா, ஓனராட்டம் பேசற," என்பாள் தினமும் எனக்கு இடம் பிடித்து வைக்கும் சிநேகிதி. ஓனர் இல்லைதான். அபூர்வமான வெளிநாட்டுக் கார்களை வாங்கி விற்கும் பெங்களூர்க் கடை ஒன்றில் வேலை. சாவி இரண்டும் இருக்கிறதா, என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, பெயின்ட் கம்பெனியில் அடித்ததா பிற்பாடு அடித்ததா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பேன். ஓட்டுவேன், படமும் எடுப்பேன். பொய் சொல்கிற வண்டி எனக்குப் பிடிக்காது. பொய் சொல்கிற ஆளை அதைவிடப் பிடிக்காது. அதனால்தான் இதை எழுத உட்காரவே இவ்வளவு நாள் ஆயிற்று.

நான் சொல்ல வந்த சிவப்பு வண்டியைப் போல இன்னொன்றை இத்தனை வருஷத்தில் நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டே சீட். என்ஜின் முதுகுக்குப் பின்னால். வைத்திருந்தவர் என் வயதுக்காரர், கல்யாணம் ஆகாதவர், அம்மாவுக்கு ஒரே பிள்ளை. ஒரு சாயங்காலம் வீடு திரும்பி, அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் மூன்றாவது பார்க்கிங் தளத்தில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்தார். இறங்கவில்லை. மாரடைப்பு. பதினான்காவது மாடியில் அவருடைய அம்மா அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிட்டு லிப்ட் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

வண்டியை விற்க அந்த அம்மாவே கடைக்கு போன் செய்து என்னைக் கேட்டார். எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் அவர் குடும்பத்துக்குத் துணிக்கடை இருந்ததாம். சுரங்கம் மூடியபின் பெங்களூருக்குப் போய்விட்டார்கள்.

"நம்மூர்ப் பொண்ணு ஒண்ணு இந்த வேலை செய்யுதுன்னாங்க. உங்கப்பா மைன்ஸ்ல இன்னா வேலைம்மா?"

"கேஜ்ல பெல் அடிச்சவரும்மா."

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ், அப்பா பெல் அடித்தால்தான் அது நகரும். அதைக் கேட்டதும் அந்த அம்மா, "வண்டிய நீயே வந்து எடுத்துனு போ. வேற யாரையும் அனுப்பாத," என்றார்.

பணக்காரர்களின் பிகு என்று நினைத்துக்கொண்டேன். என் மரமண்டைக்கு அவ்வளவுதான் ஏறியது.

சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. சுரங்கத்துக்குள் யாராவது செத்துப்போனால் உடலைக் கேஜில் ஏற்றுவார்கள். மேலே வரும் வழியில் லெவல் என்கிற ஒவ்வொரு தளத்திலும் கேஜை நிறுத்தி, பெல் அடிக்கிறவர் செத்தவர் பெயரைச் சொல்லி, "மேல போறோம், கூட வா," என்று கூப்பிடுவார். இல்லாவிட்டால் ஆள் அடியிலேயே நின்றுவிடுவான் என்று பேச்சு. கூப்பிட்டவரே உடலோடு வீடுவரை நடந்து வந்து, வாசலில், "வீடு வந்துருச்சி, எறங்கு," என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. எதிர்வீட்டு வாசலில் என் அப்பா அப்படிச் சொன்னதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். வாட்ச்மேன் சாவியைக் கொடுத்தார், அந்த அம்மா கீழே வரவில்லை. மூன்றாவது தளத்தில் ஈர சிமென்ட் வாடை. தூணில் மஞ்சள் பெயின்டில் 'லெவல் 3' என்று எழுதியிருந்தது. உட்கார்ந்தால் பெடல் எட்டவில்லை, சீட்டு அந்த உயரமான மனுஷனின் காலுக்கு வைத்தபடியே இருந்தது. சீட்டை முன்னால் இழுக்க இரண்டு தடவை கை வைத்து எடுத்துவிட்டு, மூன்றாவது தடவைதான் இழுத்தேன். இத்தனை வண்டி பார்த்தவளுக்கு இது என்ன கேடு என்று என்னையே திட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். பிடரிக்குப் பின்னால் என்ஜின் உறுமியது. சாய்தளம் தொடங்கும் இடத்தில் வண்டி நின்றது. நான்தான் நிறுத்தியிருக்கிறேன். வண்டிக் காகிதத்தில் படித்திருந்த அவர் பெயரை என் வாய் சொன்னது. "மேல போறோம், கூட வா."

இரண்டாவது தளத்திலும் நிறுத்தினேன். முதல் தளத்திலும் நிறுத்தினேன். தெருவுக்கு வந்ததும் அந்த அம்மாவுக்கு போன் செய்து, "கிளம்பிட்டேம்மா," என்றேன். "கிளம்பிட்டியா?" என்று கேட்டார். அந்தக் குரலில் ஏதோ உடைந்தது எனக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனாலும் வைத்துவிட்டேன்.

நல்ல வண்டிகளைப் படம் எடுக்க நான் எங்கள் ஊருக்குத்தான் கொண்டுவருவேன். பாறையை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், சயனைடு மேடு என்போம், மலைமலையாக வெளுத்துக் கிடக்கிறது. படத்தில் பார்க்கிறவர்கள் துபாயா என்று கேட்பார்கள். புது எக்ஸ்பிரஸ் ரோட்டில் வந்து பேத்தமங்களா பக்கம் இறங்கினேன். வழியெல்லாம் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் வெயில் உள்ளே விழுந்தபோதும் அந்தப் பக்கம் மட்டும் குளிர்ந்து கிடந்ததாகத் தோன்றியது. ஏசி காற்றாகவும் இருக்கலாம். முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன், திரும்பிப் போகும்போதும் இவர் கூடவே வருவாரே என்ற ஒரே நினைப்புதான்.

மேட்டின் அடிவாரத்தில் நிறுத்தினேன். சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தேன். "வந்துட்டோம், எறங்கு," என்றேன்.

அவர் வீடு அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். பயம். வேறு காரணம் எதுவும் கிடையாது. அந்தக் கதவு திறந்தபடியே ஒரு படம் எடுத்தேன், கை சும்மா இருக்கக் கூடாது என்று. திரும்பும்போது பாட்டு போட்டுக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

வண்டி சீக்கிரமே விலைபோனது. கொச்சியிலிருந்து வந்து பார்த்தவர், "ஆக்சிடென்ட் ஏதாவது?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. மேற்கொண்டு அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

பெயர் மாற்றும் பாரத்தில் கையெழுத்து வாங்க முதன்முதலாகப் பதினான்காவது மாடிக்குப் போனேன். அந்த அம்மா காபி கொடுத்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு தன் போனில், கடை விளம்பரத்தில் வந்திருந்த அந்தக் கதவுப் படத்தைக் காட்டினார்.

"மூணு லெவல்லயும் கூப்ட்டியா?"

"கூப்ட்டேம்மா."

"கூப்டுவேன்னு நம்பித்தான் உன்னைய வரச் சொன்னேன். கேஜ்காரர் பொண்ணாச்சே, சொல்லித் தர வேணாம்னு இருந்தேன். அன்னிக்கிக் காலைல இருந்து வீட்டுக் கதவைத் தொறந்து வெச்சினு ஒக்காந்திருந்தேன். நீ கிளம்பிட்டேன்ற." படத்தில் இருந்த கதவை விரலால் தொட்டார். "இந்தப் பக்கத்துக் கதவ யாருக்கும்மா தொறந்தே?"

இரண்டு கதவையும் திறந்து வைத்தால்தான் உள்ளே நன்றாகத் தெரியும் என்று கடைப் பேச்சு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கினேன். "எனக்குப் பயமாயிருந்திச்சிம்மா. அங்கயே எறக்கி விட்டுட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அங்க நிழல் கூட இல்லியேம்மா," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்சியில் கோரமண்டலுக்கே வந்துவிட்டார். நான் ஸ்டேஷன் வாசலில் ஏறிக்கொண்டேன். மேட்டடியில் காற்று வெள்ளை மண்ணை வாரி அடித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நீ கூப்டு. உன் குரல்தான் அவனுக்குத் தெரியும்," என்றார். பெற்றவளை நிற்க வைத்துவிட்டு நான் கூப்பிட்டேன். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் என்னை ஓங்கி அறைந்திருக்கலாம்.

டாக்சியில் அவர் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் என் பக்கத்து இடம் காலி. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னும் யாராவது வரணுமா?" என்று கேட்டார்.

"வந்தாச்சி, போலாம்," என்றார் அந்த அம்மா.

இந்த முறை நான் திரும்பிப் பார்த்தேன். சீட்டில் வெள்ளை மண் கொஞ்சம் படிந்திருந்தது. எங்கள் துணியிலிருந்து உதிர்ந்ததாக இருக்கும். துடைக்க மனம் வரவில்லை.

கட்டடத்தில் லிப்டின் எல்லா மாடிப் பொத்தான்களையும் அவரே அழுத்தினார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது, நான் கூப்பிட்டேன். ஐந்தாவது மாடியில் நாயோடு நின்றிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு ஏறாமலே நின்றுகொண்டார். பதினான்கில் கதவு திறந்தபோது எதிரே அவர்கள் வீட்டுக் கதவும் விரியத் திறந்து கிடந்தது. காலையிலேயே திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"வீடு வந்துருச்சி, எறங்குங்க," என்றேன்.

அந்த அம்மா வெளியே போகவில்லை. லிப்டின் சுவரோடு ஒட்டி ஒதுங்கி, வழிவிட்டு நின்றார். கதவு மூட வந்தது, கையால் தடுத்தேன். மறுபடி மூட வந்தது, மறுபடி தடுத்தேன்.

"எறங்கிட்டானா?" என்று கேட்டார், என்னைப் பார்க்காமல்.

எதைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்வது என்று என் அப்பா எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"எறங்கிட்டாரும்மா," என்றேன்.

அதன் பிறகுதான் அவர் வெளியே கால் வைத்தார். உள்ளே போய், வீட்டுக் கதவைச் சாத்தினார்.