ஃப்ளாரன்ஸில் அப்பாவுக்கு ஒரு ஜோடி செருப்பு

அப்பாவின் காரியத்தில் தானம் கொடுத்த குடை சரியாக இருந்தது. செருப்புதான் சரியில்லை. போகிற வழி சுடும் என்று, இறந்தவருக்காக, காரியம் செய்துவைக்கும் வாத்தியாருக்குக் குடையும் செருப்பும் கொடுப்பது எங்கள் வழக்கம். தம்பி ஸ்ரீரங்கம் கடைத்தெருவில் அவசரமாக ஒரு ரப்பர் செருப்பை வாங்கி வந்திருந்தான். அப்பாவின் வலது பாதம் இடதைவிட அகலம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அளவு கொடுத்துத் தைத்த தோல்செருப்பைத்தான் கடைசிவரை போட்டார்.

“இது அவர் காலுக்குப் பத்தாதேடா” என்றேன்.

“போட்டுக்கப்போறது வாத்தியார். அப்பாவா வந்து போட்டுப் பாக்கப்போறார்?”

அதன்பின் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் அப்பாவின் வீட்டில் தங்கும்போதெல்லாம் கூடத்தில் ரப்பர் செருப்பு இழுபடும் ஓசை கேட்டது. பத்தாத செருப்பில் விரலை மடக்கிக்கொண்டு ஒருவர் நடப்பது போல. எங்கள் வீட்டுக்குள் யாரும் செருப்போடு நடப்பதில்லை. எழுந்து போய்ப் பார்ப்பேன், கூடம் காலியாக இருக்கும். தம்பிக்குக் கேட்டதே இல்லை.

முதல் வருஷத் திதியான வருஷாப்திகத்துக்கு இரண்டு மாதம் முன்பு, மகள் படிக்கும் ஃப்ளாரன்ஸுக்கு நானும் கணவரும் போனோம். வருஷாப்திகத்தன்றும் குடை, செருப்பு கொடுக்க வேண்டும். எல்லோரும் கைப்பை வாங்கும் ஊரில் நான் அப்பாவின் அளவுக்குச் செருப்பு தேடினேன்.

சந்தைக் கடைகளில் எல்லாமே அசல் தோல் என்றார்கள். ஓரத்தைப் பார்த்தேன். தடித்த சாயம் பூசி மறைத்திருந்தால் வைத்துவிட்டேன். மடக்கிப் பார்த்தேன். மெல்லிய சுருக்கம் விழுந்து தானே விரிந்தால் தோல், பட்டையாக மடிந்து நின்றால் வேறு ஏதோ. மூக்கருகே கொண்டுபோனால் பல செருப்புகளில் பசை வாடைதான் அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு சந்தில், பட்டறையோடு சேர்ந்த சின்னக் கடையில்தான் நல்ல தோல் கிடைத்தது. விலை சந்தையைவிட அதிகம்தான். கடைக்கார அம்மாள் காலைக் காட்டச் சொன்னாள்.

“காலுக்கு எங்கே போறது?” என்று சிரித்தபடி என் கணவர் வலது காலில் இரண்டு காலுறைகளை மாட்டிக்கொண்டார். “மாமனார் சார்பா நான் நிக்கறேன்.”

அந்த அம்மாள் வாரை இழுத்துச் சரிசெய்து, நடந்து காட்டச் சொன்னாள். அவர் கண்ணாடிவரை நடந்தார். வலது பாதத்தைச் சற்று வெளியே திருப்பி, குதிகாலை முதலில் ஊன்றி. அப்படி நடப்பவர் அப்பா மட்டும்தான்.

“அப்பா மாதிரி நடக்காதீங்கோ.”

“நான் எப்பவும்போலத்தானே நடந்தேன்?” என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை.

எதையும் தெரிந்துகொண்டு வாங்குவது என் பழக்கம். என்ன தோல் என்று கேட்டேன். அந்த அம்மாள் பெருமையோடு செல்போனில் ஒரு கன்றுக்குட்டியின் படத்தைக் காட்டினாள். அப்பாவின் பழைய செருப்பு என்ன தோல் என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. நான் வாங்கிவிட்டேன்.

வருஷாப்திகத்தன்று வாத்தியார் செருப்பைக் கையில் வாங்கிப் புரட்டினார். “பேஷா இருக்கே. இதுல நானும் என் பிள்ளையும் சேந்தே போகலாம்.” பிறகு முகர்ந்து பார்த்தார். “தோலாம்மா? என்ன தோல்?”

தெரியாது என்று சொல்லச் சொல்லித் தம்பி கண்ணால் ஜாடை காட்டினான். எனக்குத் தெரிந்திருந்தது.

“கன்னுக்குட்டி” என்றேன்.

அவர் செருப்பை மெதுவாகக் கீழே வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “வேண்டாம்மா. ரப்பரே குடுத்துடுங்கோ. அதுக்கொண்ணும் குறைவில்லை.”

“இத்தாலி வரைக்கும் போய்க் கன்னுக்குட்டியைப் பிடிச்சுண்டு வந்திருக்கா” என்று முணுமுணுத்தபடி தம்பி கடைத்தெருவுக்குப் போனான். போன வருஷம் வாங்கிய அதே மாதிரி, அதே அளவில் வாங்கி வந்தான். வாத்தியாருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

தோல்செருப்பு இப்போது காட்டூரில் எங்கள் ஃப்ளாட் வாசலில் இருக்கிறது. கணவரைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மறுத்துவிட்டார். ஆபீஸிலிருந்து வந்ததும் தன் ஷூவை அதன் பக்கத்தில் கழற்றுகிறார். ஒட்டினாற்போல் விடுவதில்லை. நடுவில் ஓர் ஆள் நின்று செருப்பை மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இடம் விடுகிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.