எச்சில் டம்ளரும் எறும்பு மருந்தும்

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் பதினோரு வருஷம் நின்றால் போதும், ஊரில் யாருக்கு எங்கே அரிக்கிறது என்பது அவரவர் வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் மலேசியாவில், சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய கெலாங் பாத்தாவில் ஒரு கடையில் பார்மசிஸ்ட். வருகிறவர்கள் என்னை 'மிஸ்' என்பார்கள். என்னோடு வேலை பார்க்கும் ரீத்தா மட்டும் 'அக்கா' என்பாள், அதுவும் என்னைத் திட்டுவதற்கு முன்னால்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கண் சொக்குகிறவர்களே, சாப்பிட்டு எழுந்ததும் பேண்ட் பொத்தானைத் தளர்த்துகிறவர்களே, ஆள் பார்க்காத நேரமாகத் தேடிச் சொறிகிறவர்களே! இது உங்களுக்காகத்தான். நானும் உங்கள் கட்சி.

டம்ளரில் துப்புங்கள்

போன வருஷம் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில், சத்து மாத்திரை விற்கும் கம்பெனி ஒன்று எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் நடத்தியது. பேச்சாளர் திரையில் ஒரு பட்டியல் போட்டார். களைப்பு, வயிறு உப்புசம், மறதி, மூட்டுவலி, தோல் அரிப்பு, காரணமில்லாத எரிச்சல். அத்தனைக்கும் ஒரே வேர், குடலில் பெருகிக் கிடக்கும் ஈஸ்ட் என்றார். இந்தப் பூஞ்சை எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும், அளவு மீறினால் வாயிலும் தோலிலும் மறைவிடத்திலும் புண் வரும் என்பதெல்லாம் நான் படித்ததுதான். ஆனால் என் வாழ்க்கையின் எல்லாக் கோளாறுக்கும் அதுவே காரணம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை! எனக்குப் புல்லரித்துவிட்டது. கொடுத்த கேள்வித்தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். மாமியாரைப் பற்றிக் கேட்டிருந்தால் அதிலும் இரண்டு டிக் போட்டிருப்பேன்.

வீட்டிலேயே செய்கிற சோதனை ஒன்றும் சொல்லித் தந்தார். காலையில் பல் துலக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீரில் துப்ப வேண்டும். எச்சில் மிதந்தால் தப்பித்தீர்கள், நூல் நூலாகக் கீழே தொங்கினால் ஈஸ்ட். மறுநாள் விடிந்ததும் துப்பினேன். தொங்கியது! என் வீட்டுக்காரரை எழுப்பித் துப்பச் சொன்னேன், அதுவும் தொங்கியது. ரீத்தா வீட்டில் ஐந்து பேர், ஐந்தும் தொங்கின. எச்சில் என்றால் எல்லாருக்கும் கொஞ்ச நேரத்தில் தொங்கத்தான் செய்யும், அந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்பதை நான் தேடிப் படித்தது பிறகுதான். அன்றைக்கு எனக்கு இருந்த உற்சாகத்தில் ஊர் முழுக்க டம்ளர் கொடுத்திருப்பேன். ஐந்து டம்ளர் படத்தையும் போனில் காட்டிவிட்டு ரீத்தா சொன்னாள்: "அக்கா, எங்க வீட்டுல இன்னும் துப்பாதது பூனை ஒண்ணுதான் லா."

கூட்டாளிக்கு அரிப்பு

அந்த வாரமே செல்வம் வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இரண்டாவது பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை செய்துவிட்டு வருகிறவர். கடைக்குள் வந்தும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதன் முகக் கண்ணாடியைக் கொஞ்சமாகத் தூக்கி, தன் கூட்டாளி ஒருவனுக்கு 'அந்த இடத்தில்' அரிப்பு என்றார். அந்தக் கூட்டாளி யாரென்று எனக்கும் ரீத்தாவுக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பூஞ்சைக் களிம்பு கொடுத்தேன். அரிப்பு போனது, மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி களிம்பு, மறுபடி அரிப்பு.

மூன்றாவது தடவை வந்தபோதுதான் கூட்டாளியின் மற்ற கதையும் வந்தது. எந்நேரமும் களைப்பாம். தாகமாம், வேலை முடிந்ததும் ரோஜா சிரப்பும் பாலும் கலந்த பண்டுங் இரண்டு டம்ளர் குடித்தால்தான் உயிர் வருகிறதாம். போன வாரம் பாலத்தின் நடுவில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் மூடிவிட்டதாம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்ததில்தான் விழிப்பு வந்ததாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. வீட்டில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். இன்னொரு தடவை அப்படிக் கண் மூடினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். எனக்குத் தோன்றியது ஈஸ்ட்! பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் அவரிடம் அப்படியே பொருந்தியது. ஒரு பாட்டில் நல்ல கிருமி மாத்திரை, பூண்டு மாத்திரை, என் கைப்பட எழுதிய பத்தியச் சீட்டு எல்லாவற்றையும் பையில் போட்டு, ஒரு மாதத்தில் ஆளே மாறிவிடுவார் என்று சத்தியம் செய்யாத குறையாக அனுப்பினேன். பத்து நாள் கழித்து வந்து சொன்னார்: "பண்டுங் நிப்பாட்டினதுல கூட்டாளிக்கு அரிப்பு கொஞ்சம் பரவால்ல மிஸ், ஆனா பாலத்துல தூக்கம் மட்டும் விட மாட்டேங்குது."

நிறுத்தப்பட்ட பொருள்கள்

பத்தியச் சீட்டு ஊரில் பரவியது. ரொட்டி கூடாது, சீனி கூடாது, புளித்த மாவு கூடாது, பால் டீ கூடாது. நானும் கடைப்பிடித்தேன். எதிர் கடையில் ரொட்டி சானாய்க்குப் பரோட்டா மாவு அடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பில் உள்ள ஈஸ்ட் அத்தனையும் கண்ணீர் விட்டது, கூடவே நானும்.

சும்மா சொல்லக்கூடாது, சிலருக்கு நன்றாகவே வேலை செய்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கும் லட்சுமி ஆன்ட்டி மூன்றே வாரத்தில் இளைத்து, வயிறு அமுங்கி, முகத்தில் ஒரு பளபளப்போடு வந்து நின்றார். நான் வெற்றி விழா கொண்டாடாத குறை. ஈஸ்ட் செத்துவிட்டது என்று ரீத்தாவிடம் அறிவித்தேன். ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் டீயும் அதில் ஆறு தடவை டின் பாலும் நின்றுபோனதால்கூட இளைத்திருக்கலாமே என்று ரீத்தா கேட்டாள். அவளுக்குக் கற்பனை வளம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். ஆன்ட்டியிடம் வேறு என்னவெல்லாம் நிறுத்தினீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். அவர் சொன்னார்: "எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன் மிஸ், இப்ப வீட்டுல மிச்சம் இருக்கிற கெட்ட பழக்கம் எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான்."

சாரின் நாக்கு

பொந்தியானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு எங்கள் ஊருக்கு வந்துவிட்ட சார் ஒருவர் உண்டு. ஒரு நாள் கவுண்டரில் நின்று நாக்கை நீட்டினார். நாக்கு முழுக்கத் தயிர் தெளித்தது போல வெள்ளைத் திட்டு! சந்தேகமே இல்லை, அசல் ஈஸ்ட். கண்ணாலேயே பார்த்துவிட்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் ரீத்தாவைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டச் சொன்னேன். சார் பாவம், இரண்டு தடவை நீட்டினார்.

பத்தியச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் தோசை இல்லை, இட்லி இல்லை, ரொட்டி இல்லை. திட்டு அப்படியே இருந்தது. அப்புறம் அவர் அரசாங்கக் கிளினிக்குக்கு வேறு எதற்கோ போயிருக்கிறார். அங்கே இருந்த சின்ன வயது டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். ஆஸ்துமா பம்ப் அடித்த பிறகு வாய் கொப்பளிக்கிறீர்களா? சார் கொப்பளிப்பதில்லை. விடிகாலையில் கோயிலுக்குப் போகும் வழியில் காரிலேயே பம்ப் அடித்துக்கொண்டு அப்படியே போய்விடுவார். அந்த மருந்து வாயில் தங்கினால் ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம். இது நான் பரீட்சை எழுதிப் பாஸான பாடம். அந்தப் பம்பை அவருக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான்! கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் பட்டியலை வைத்துக்கொண்டு துள்ளியிருக்கிறேன். முதல் தடவையாக என் உற்சாகத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. சார் என்னை மன்னித்துவிட்டார், ஆனால் வாத்தியார் வாத்தியார்தானே: "ஒரு மடக்கு தண்ணியில போற விஷயத்துக்கு என்னை ஒரு மாசம் தோசை இல்லாம பட்டினி போட்டுட்டீங்களேம்மா."

எறும்பு மருந்து

சார் இப்படிச் சொல்லிவிட்டுப் போன நாலாம் நாள், சனிக்கிழமை. ஒரு பெண் வந்து எறும்பு மருந்து இருக்கிறதா என்று கேட்டார். ஹார்ட்வேர் கடையில் கேளுங்கள் என்றேன். போகவில்லை, கையைக் கவுண்டரில் ஊன்றிக்கொண்டு புலம்ப ஆரம்பித்தார். கழுவிக் கழுவிக் கை தேய்ந்துவிட்டதாம். பிளீச் ஊற்றியாகிவிட்டதாம். சமையலறையில் சீனி டப்பா திறந்தே கிடக்கிறது, அதன் பக்கம் ஒரு எறும்புகூடப் போவதில்லை. எல்லாம் கழிவறையில்தான் மொய்க்கிறது. அதுவும் காலையில் வீட்டுக்காரர் போய்விட்டு வந்த பிறகு வரிசை கட்டிக்கொண்டு வருகிறது.

நான் ரீத்தாவைப் பார்த்தேன், ரீத்தா என்னைப் பார்த்தாள். உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். வெளியில் மோட்டாரில் இருக்கிறார், உள்ளே வர வெட்கப்படுகிறார் என்றார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், ஹெல்மெட்டோடு செல்வம்! எனக்குத் தலையில் ஒரு குடம் ஐஸ் தண்ணீர் கொட்டியது போல ஆகிவிட்டது. தாகம், களைப்பு, திரும்பத் திரும்ப வரும் பூஞ்சை, கழிவறையில் எறும்பு. இது நீரிழிவு. எங்கள் ஊர்ப் பேச்சில் இனிப்பு நீர். உடம்பு வெளியேற்றும் சர்க்கரையைத் தேடித்தான் எறும்பு வந்திருக்கிறது. எறும்புக்குத் தெரிந்தது பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை பார்க்கும் கருவி என் முழங்கைக்குப் பக்கத்தில், 'இலவசமாகப் பாருங்கள்' என்ற அட்டையோடு, இத்தனை மாதமும் அங்கேயேதான் இருந்தது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். விரலில் குத்தினேன். எங்கள் நாட்டு அளவில் எட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்து நாலு காட்டியது. கருவி தப்போ என்று ரீத்தாவைக் குத்திப் பார்த்தேன், அவளுக்கு ஐந்து. சாயங்காலம் போகிறேன் என்றார் செல்வம். சாயங்காலம் எல்லாம் இல்லை, இப்போதே ஆஸ்பத்திரி, மோட்டார் சாவியைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். ரீத்தா தன் காரை எடுத்துவிட்டாள். அவர் மனைவி கலைக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த அரிப்பும் களைப்பும் அவருடைய கூட்டாளிக்கு என்றுதான் அந்த வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறார். காரில் ஏறும் முன் செல்வம் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், அந்தக் கூட்டாளி நான்தான்."

பாலத்தில் பேச்சு

நாலு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஈஸ்ட் இருந்தது உண்மைதான், அந்தச் சர்க்கரையைத் தின்று அது கொழுத்ததும் உண்மைதான். அது எதைத் தின்கிறது என்று நான் கேட்கவே இல்லை. மூன்று மாதம் அவர் பாலத்தில் தூங்கிக்கொண்டு போக, நான் பூண்டு மாத்திரை விற்றிருக்கிறேன். இதை அப்படியே அவர்கள் இரண்டு பேரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கலை கட்டில் பக்கத்தில் இருந்த நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் உட்கார்ந்தேன்.

இப்போது செல்வம் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். அரிப்பு வந்த சுவடே இல்லை. பத்தியச் சீட்டைக் கிழித்துவிட்டு, அரிப்பு என்று வருகிற எல்லாரிடமும் நானே கருவியை எடுத்து நீட்டுகிறேன். இதுவரை இன்னும் மூன்று பேருக்குச் சர்க்கரை பிடிபட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அதே துள்ளல் வருகிறது, ரீத்தா என் சட்டையைப் பிடித்து உட்கார வைக்கிறாள்.

போன திங்கட்கிழமை கலை வந்தார். முந்தின நாள் பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, சிங்கப்பூருக்குத் துணி எடுக்கப் போனார்களாம், செல்வத்தின் மோட்டாரில், கலை பின்னால். அவர் முதுகு தூங்கிச் சாய்கிறதா என்று பாலம் ஏறும்போதே கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது, அதைத் துடைத்துக்கொண்டே சலித்துக்கொண்டார்: "அலமாக், பாலத்துல ஏறினதுல இருந்து எறங்குற வரைக்கும் ஓயாம பேசிக்கிட்டே வராரு மிஸ், வாய மூட ஒரு மருந்து குடுங்க."

ஆகவே சக நோயாளிகளே, இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: திரும்பத் திரும்ப அரித்தால் வெட்கப்படாமல் சர்க்கரை பாருங்கள், முடிந்தவரை என்னைப் போல உற்சாகமான ஆளிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.