முழங்கால் உயரத்து மெழுகுவத்தி

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் மகளிடம், "சீக்கிரம் ஏறி வந்துடு, காப்பி ஆறிடும்" என்றேன். அவள் தொட்டி கிளறும் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினாள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போதும் அந்த நேரத்தில் நான் அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

நிலவறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பர்மாவில், கமாயூட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வெயில் எட்டாதபடி அப்பா தரையைத் தோண்டிக் கட்டிய செங்கல் அறை. எட்டுப் படிகள், ஆறு மரத்தொட்டிகள், மேலே இரண்டு சன்னல்கள். திராட்சைக் கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்தவர் அப்பா. மிங்கலாடோன் மேட்டில் பந்தல் போட்டார். இத்தனை மழை பெய்கிற ஊரில் திராட்சையா என்று சிரிக்காதவர்கள் இல்லை. மழை விட்டதும் கொடிகளை வெட்டிக் கவாத்து, அடுத்த மழைக்குள் அறுவடை. அந்த ஒரு வெள்ளாமையில் வரும் ஒயினை மாதாகோயில்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் கொடுத்துத்தான் அவர் காலமும் என் காலமும் ஓடின. இருபத்திரண்டு வயதில் மகள் தானாகவே துடுப்பை எடுத்துக்கொண்டாள்.

அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். இறங்குகிறவர் எரியும் மெழுகுவத்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். சுடர் சுருங்கினால் அப்படியே திரும்பி ஏறிவிட வேண்டும். திராட்சை நுரைத்துப் புளிக்கும்போது வெளிவரும் காற்று கனமானது, தரையோடு தங்கும், மணமில்லை, ஆளை விழுத்தாட்டிவிடும். எனக்கு இது தெரியாததல்ல. பள்ளியில் படித்தவன், மகளுக்கு விளக்கிச் சொன்னவனும் நானே.

அந்த வருடம் நிலவறைக்கு மின்சார விளக்குப் போட்டேன். மிதந்து வரும் திராட்சைத் தோலைத் துடுப்பால் அழுத்த இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் மெழுகுவத்தி பெரிய தொல்லை. விளக்கு எரிந்த முதல் நாள் மகள் கேட்டாள்: "தாத்தா மெழுகுவத்திக்கு பென்சன் குடுத்துட்டீங்களாப்பா?"

"முப்பது வருஷ சர்வீஸ். குடுக்கலாம்" என்றேன்.

சிரித்தோம். என் மனைவி சிரிக்கவில்லை. "ரெண்டும் இருக்கட்டுமே" என்றாள். முதல் வாரம் இரண்டும் இருந்தன. பிறகு பல்பு மட்டும்.

அன்றைக்கு முந்தின இரவு கோடை மழை. சாரல் உள்ளே விழாமலிருக்க இரண்டு சன்னல்களையும் நான்தான் சாத்தினேன். காலையில் திறக்க மறந்தேன். மனைவி மிங்கலாடோனில் பழம் பறிப்பவர்களோடு இருந்தாள். மகள் கீழே ஏதோ பாட்டை முணுமுணுத்தது கேட்டது. பிறகு கேட்கவில்லை. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. விளக்கு எரிகிறது, வேலை நடக்கிறது என்று இருந்துவிட்டேன். காப்பியில் ஆடை படிந்த பிறகுதான் போய்ப் பார்த்தேன்.

கடைசிப் படிக்குக் கீழே குப்புறக் கிடந்தாள். அவள் தலைக்கு மேலே பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

கத்திக்கொண்டே இறங்கினேன். நாலாவது படியில் கால் துவண்டது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். எதிர்வீட்டில் சுருட்டுச் சுற்றும் பர்மியப் பெண். நாங்கள் அமா என்று அழைக்கும் அக்கா.

"கூவாதே! கூவினா மூச்சுப் போயிரும். ஒனக்குப் படிப்பு மட்டும்தான் இருக்கு!" என்று திட்டிக்கொண்டே துணிக் கொடிக்கயிற்றை அறுத்து என் கையில் திணித்தாள். "மூச்சப் புடி. கட்டு. ஏறி வா."

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மகளின் அக்குளைச் சுற்றிக் கட்டிவிட்டு ஏறினேன். இருவரும் இழுத்தோம். ஒவ்வொரு படியிலும் அவள் குதிகால் இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

டாக்டர் வந்தார். மூச்சு இருக்கிறது, நாடி மெலிவு, விழித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். முற்றத்தில் பாய் விரித்து அவளைக் கிடத்தியிருந்தோம். அமா விசிறினாள். நான் மகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் அது யாருடைய பெயரோ போல ஒலிக்கத் தொடங்கியது.

வெயில் சாயும் நேரத்தில் கண் திறந்தாள். வாந்தி எடுத்தாள். பிறகு மெல்ல, "ஆறாவது தொட்டி பாக்கிப்பா" என்றாள். டாக்டர் முதல்முறையாக உட்கார்ந்தார்.

அதன் பிறகுதான் வாசலில் மாட்டுவண்டிகளின் சத்தம். முதல் வண்டியிலிருந்து மனைவி இறங்கினாள். கையெல்லாம் திராட்சைக் கறை. அமா இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். மனைவி மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"சன்னலத் தொறந்துவிடுங்க. அந்த மெழுகுவத்திய எங்க வச்சீங்க? நாலு வண்டிப் பழம் நிக்குது. நான் எறங்கணும்."