கடல் நாள்

இடது கையால் எழுதும் எழுத்து, யாரிடமும் படிக்காத ஆங்கிலம், துறைமுகத் தேநீர்க் கடையில் தனக்கென்று ஒரு மேசை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன தங்கை ரஷீதா வென்றெடுத்தவை இவை என்று அண்ணன் வஜ்தி விரல்விட்டு எண்ணுவார். பதினோரு வயதில் படகு எஞ்சினின் பெல்ட் அவளுடைய வலக்கை விரல்களைக் கொண்டுபோனது. அதை அவர் வாயால் சொல்வதில்லை.

இப்போதும் அந்த மேசையில் பென்சிலைக் கடித்தபடி, தலைநகர் மாலேயிலிருந்து இந்தத் தீவுக்கு வரப்போகும் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தின் விடுமுறைச் செலவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளுக்கு ஒரு கட்டம். தங்கும் வரி, மதியச் சோறு, மாலைப் பலகாரம். பவளப்பாறை பார்க்கும் படகுக்கு நாலு பேர் சேர்ந்தால் தலைக்கு முந்நூறு ரூஃபியா. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில், ஃபெரிப் படகு இல்லை, தொழுகை முடியும்வரை கடை இல்லை, வியாழனே வாழைப்பழம் வாங்கி வைக்கவும் என்றிருக்கும். ஞாயிறுதோறும் தீவின் ஐந்து சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடந்துபோய், தேங்காய் சேர்த்த சூரை மீனை ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் விலையைக் குறிப்பாள்.

"நான் தின்னு பாக்காததுக்கு விலை எழுத மாட்டேன்."

"வந்துட்டாங்கப்பா வரி வசூல்காரம்மா" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர்கள் தட்டை நீட்டுவார்கள்.

ஏழு நாள் தங்குகிறவருக்கு அவள் எட்டுக் கட்டம் போடுவாள். எட்டாவதற்குப் பெயர் கடல் நாள். தென்மேற்குக் காற்று கிளம்பிப் படகு நின்றுபோனால் அந்த ஒரு நாள் செலவுக்குப் பணம் வேண்டும். நிற்காவிட்டால் பணம் அவரோடு ஊர் திரும்பும். ஒரு வருடம் காற்றில் மாட்டிக்கொண்ட முதியவர் ஒருவர், காசு தீர்ந்ததைச் சொல்லக் கூசி, இரண்டு நாள் படகுத்துறையில் பிஸ்கட் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு வந்த வழக்கம்.

தேநீர்க் கடை மேசை கிடைப்பதற்கு முன் அவள் வேலை பார்த்தது முஹ்ஸினின் விடுதியில். நான்கு வருடம் சேமித்து வரவிருந்த ஓர் ஆசிரியைக்குச் செலவுத் தாள் தயாராகியிருந்தது. படமெடுத்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"அக்கா, பக்கத்து விடுதிக்காரன் ஏழு நாளுக்குத்தான் போட்டுக் கொடுக்குறான். இதைப் பாத்தா அந்தம்மா அங்கதான் போவாங்க. எட்டாவதை அடிச்சிடுங்க" என்றான் முஹ்ஸின்.

"காத்து வந்தா அவங்க என்ன சாப்பிடுவாங்க?"

"காத்தையும் நீங்கதான் மேய்க்கிறீங்களா? அடிக்கலன்னா விடுதி முத்திரை விழாது. நாளைலேருந்து வேலைக்கும் வர வேணாம்."

தங்கைக்கு மீன் கொண்டுவந்த வஜ்தி வாசலில் நின்றிருந்தார். "ஒரு கோடுதானே, அடிச்சிட்டுப் போயேன்" என்றார் தணிந்த குரலில். "நம்ம வீட்ல மாசம் தவறாம வர்றது உன் சம்பளம் ஒண்ணுதான்."

"பேபே" என்றாள். அண்ணனை அவர்கள் அழைப்பது அப்படித்தான். "நாலு நாள் மீனுக்குப் போனா எத்தனை நாளுக்குத் தண்ணி ஏத்துவீங்க?"

"அஞ்சு நாளுக்கு."

மீனைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

முத்திரை இல்லாத தாளுக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வங்கியிலும் தீவு மன்றத்திலும் அவள் கையைப் பார்த்ததுமே மைப்பெட்டியை நகர்த்துவார்கள். அவளும் பேசாமல் இடது பெருவிரலை அழுத்திவிட்டு வருவாள். கையொப்பம் என்று எங்குமே போட்டதில்லை. அன்று முஹ்ஸினின் மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள். எட்டாம் கட்டத்துக்குக் கீழே, அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, ஹவ்வா ரஷீதா என்று முழுப்பெயரையும் எழுதி, பக்கத்தில் தேதி போட்டாள்: 2023 ஜூலை 13, வியாழன்.